அப்பத்தாவை வெட்டலாமா?

சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு, சிவகங்கைச் சீமையில் திருப்பத்தூருக்கு அருகே உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் பட்டாசாலையில், மின்சாரம் நின்று அரைமணி நேரமாகியும் திரும்பி வராத சமயத்தில், அரிக்கேன் விளக்கின் மங்கலான வெளிச்சத்தில் சாக்பீஸால் வரைந்த தாயக் கட்டத்தைச் சுற்றி நாங்கள் நால்வர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தபோது, என் தம்பியின் மகளுக்கு ஒரு தர்மசங்கடம் நேர்ந்தது. அவளுக்கு வயது 9. அவள் உருட்டிய பித்தளைக் கட்டைகள் இரண்டும் சேர்ந்து நான்கு காட்டின. அவளுடைய காய் நின்ற இடத்திலிருந்து எண்ணினால் நான்காவது கட்டத்தில், ஊரெல்லாம் சுற்றி வந்து பழமாவதற்கு இன்னும் சில கட்டங்களே பாக்கி என்ற நிலையில், 80 பிராயத்தை எட்டிவிட்ட என் தாயாரின் காய் நின்றுகொண்டிருந்தது.

குழந்தை காயைத் தொட்டாள், எடுக்கவில்லை. ஒருமுறை தன் தாயாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிகவும் தணிந்த குரலில், "அப்பத்தா, உன் காயை வெட்டவா?" என்று கேட்டாள்.

"வெட்டுறவ கேட்டுக்கிட்டா வெட்டுவா?" என்றார் என் தாயார்.

வெட்டினாள். வெட்டியதற்குக் கிடைத்த உபரி ஆட்டத்தையும் உருட்டினாள். அந்தக் கணத்தில் அவள் போட்ட கூச்சலில், ஊஞ்சலில் அரைத் தூக்கமாகக் கிடந்த என் தம்பி, வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டதோ என்று பதறி எழுந்து உட்கார்ந்தான். ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. அடுத்த கால்மணி நேரத்துக்குள் அந்தக் கிழவி, கண் சரியாகத் தெரியாவிட்டாலும் கட்டத்தைக் கைவிரலால் தடவி எண்ணியே, பேத்தியின் காய்கள் இரண்டை வெட்டிச் சாய்த்துவிட்டார். குழந்தையின் கண் கலங்கிற்று. "சின்னப் புள்ளதானே அத்தை, ஒண்ணையாவது விட்டுக் குடுங்களேன்" என்று அவளுடைய தாய் சிபாரிசுக்கு வந்தாள். "விட்டுக் குடுத்தா நாளைக்கு அவ என்கூட ஆட வரமாட்டா" என்று சொல்லிவிட்டு, என் தாயார் கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டத் தொடங்கினார்.

அந்த வாக்கியம் என் மனத்தில் பலநாள் சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தைகளோடு குடும்பமாகப் பொழுதைக் கழிப்பது எப்படி என்று இந்தக் காலத்தில் எத்தனையோ யோசனைகள் சொல்கிறார்கள்; அவற்றுக்கென்றே கடைகளும் கூடங்களும் கட்டணங்களும் ஏற்பட்டிருக்கின்றன. அதே விடுமுறையின் ஆரம்பத்தில், ஒரு பெரிய நகரத்து வணிக வளாகத்தின் மேல்மாடியில், கண்ணாடிச் சுவருக்கு உட்புறம் வண்ணப் பந்துகளின் குளத்தில் குழந்தைகள் குதித்துக்கொண்டிருக்க, வெளிப்புறம் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் அவர்களைப் பெற்றவர்கள் கைபேசியில் முகம் புதைத்திருந்த காட்சியை நான் வெகுநேரம் நின்று பார்த்தேன். மணி ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கட்டியிருந்தார்கள். நேரம் முடிந்ததும் காலுறைகளைக் கழற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். குழந்தைகள் விளையாடினார்கள் என்பதில் ஆட்சேபமில்லை. குடும்பம் விளையாடிற்றா என்பதுதான் என் சந்தேகம். பெரியவர் ஒருவர் தோற்கக்கூடிய சாத்தியம் அந்தக் கூடத்தில் எங்குமே இல்லை.

தாயத்தில் அந்தச் சாத்தியம் தாராளமாக உண்டு. அதுவே அதன் பெருமை என்பது என் அபிப்பிராயம். வக்கீலோ வாத்தியாரோ, கட்டைக்கு முன்னால் யாராயிருந்தாலும் ஒன்றுதான். தாயம், அதாவது ஒன்று, விழாதவரையில் அவருடைய காய் வீட்டை விட்டுக் கிளம்பாது. நான் அன்றிரவு பதினோரு முறை உருட்டியும் தாயம் விழாமல், என்னைவிட 46 வயது இளையவளான ஒருத்தியின் ஏளனத்துக்குப் பாத்திரமாகி உட்கார்ந்திருந்தேன். குழந்தையின் அன்றாட வாழ்க்கையில் எல்லாக் காரியங்களிலும் எல்லாரும் அவளுக்கு மேலே நிற்கிறார்கள்: உயரத்தில், படிப்பில், பணத்தில், அதிகாரத்தில். தரையில் விரித்த கட்டம் ஒன்றில்தான் அத்தனை பேரும் அவளுக்குச் சமமாக இறங்கி உட்காருகிறார்கள். அங்கேயும் நாம் வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தோமானால், சமமாக உட்கார்ந்தது வெறும் பாசாங்கு என்பதை அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். குழந்தைகளுக்கு இந்த விஷயத்தில் மூக்கு மிகவும் கூர்மை.

கட்டையின் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் மறுநாள் காலை அதுவே ஒரு தனி விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு தாயக்கட்டைக்கும் நீளவாட்டில் நான்கு பக்கங்கள். ஒரு பக்கம் வெறுமை. மற்ற மூன்றில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளை உருட்டினால் நான்கு நான்காகப் பதினாறு விதமாக அவை விழலாம். இரண்டும் வெறுமையானால் 12 என்பது சம்பிரதாயம். பதினாறில் தாயம் விழும் விதம் இரண்டே; ஐந்துக்கும் இரண்டு; இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று; மூன்றுக்கு நான்கு; ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றுதான். ஆகவே சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒருமுறை தாயம் கண்ணில் படவேண்டும். மறு ஆட்டம் தரும் 1, 5, 6, 12 என்ற நான்கையும் கூட்டினால் பதினாறில் ஆறு. இதை நான் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது குழந்தை நம்பவில்லை. நூறு முறை உருட்டிப் பார்த்துவிடுவோம் என்று கட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் உருட்ட, அவள் தகப்பன் கோடு கிழிக்க, காலைப் பலகாரம் ஆறிப்போயிற்று. மூன்று அதிகமாக விழுவதைத் தன் கண்ணாலேயே கண்ட பிறகு, அன்று மாலை ஆட்டத்தில் பகைவர் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் தன் காயை நிறுத்துவதை அவள் அறவே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இதை நிகழ்தகவு என்ற பெயரில் பின்னால் படிக்கப் போகிறாள். அப்போது அவளுக்கு இந்தப் பித்தளைக் கட்டைகள் ஞாபகம் வரலாம், வராமலும் போகலாம். அது நமக்கு முக்கியமில்லை.

கட்டை இல்லாத வீடுகள் புளியங்கொட்டையை வைத்து ஆடலாம். கொட்டையின் ஒரு பக்கத்தைக் கருங்கல்லில் தேய்த்து உள்வெள்ளை தெரியச் செய்வதே ஒரு மணிநேர உல்லாசம். தேய்த்துச் சூடேறிய கொட்டையைப் பக்கத்தில் இருப்பவர் முழங்கையில் சட்டென்று ஒற்றிவிட்டு ஓடுவது அதற்கு நாங்கள் சிறுவயதில் சேர்த்துக்கொண்ட அநுபந்தம். இதைக் குழந்தைகளுக்கு நான் கற்றுக் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய இயலாது.

பல்லாங்குழி வேறு விதமான ஆட்டம். அதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. ஒருபுறம் ஏழும் மறுபுறம் ஏழுமாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தாகக் கொட்டைகளை இட்டால் எழுபது. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளி, வெறுங்குழி எதிர்ப்பட்டால் அதைத் துடைத்து அதற்கடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். தன் பக்கத்துக் குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, உடையவர் எடுத்துக்கொள்வார். இவ்வளவுதான் விதி. ஆனால் எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதைத் தொடுமுன்பே கண்ணால் கண்டுவிடுகிற வித்தை ஒன்று இருக்கிறது. நம் வீட்டுக் கிழவிகளில் பலர் அதில் மகாபண்டிதைகள். எழுதப் படிக்கத் தெரியாத என் தாயாரின் அத்தை ஒருவர், குழிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெற்றிலையை மென்றபடி, எதிராளிக்கு அள்ளிக்கொள்ள ஒன்றுமில்லாதபடி ஆட்டத்தை முடிப்பார். பட்டதாரிகளான நாங்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்போம்.

இந்த விளையாட்டின் சுற்றமோ மிகப் பெரிது. இலங்கையில் சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டில் குன்றிமணி கொண்டு ஒலிந்த கெலிய என்ற பெயரில் இதை ஆடுகிறார்கள். மலேசியாவில் இதன் உறவினன் சொங்காக். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கானா நாட்டில் ஓவாரே. குழிகளின் எண்ணிக்கையும் விதியும் மாறும்; அள்ளி விதைக்கிற கைவீச்சு மாறாது. கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் வீட்டுப் பையன் ஒருவன், தமிழில் சரளமாகப் பேச வராமல் இரண்டு நாட்களாக மூலையில் ஒதுங்கிக் கிடந்தவன், பலகையைக் கண்டதும் வந்து உட்கார்ந்து, தன் ஊர் விதிப்படி ஆடவேண்டும் என்று வழக்காட ஆரம்பித்தான். வழக்கு அன்று தீரவில்லை. ஆனால் அதற்குப் பின் அவன் மூலைக்குப் போகவும் இல்லை.

ஆடு புலி ஆட்டத்தைச் சிறு பையன்களுக்கு நான் விசேஷமாகச் சிபாரிசு செய்வேன். கூம்பிய முக்கோணத்தைக் கோடுகள் வெட்டும் 23 சந்திகளில் மூன்று புலியும் பதினைந்து ஆடும் மோதுகின்றன. புலி ஆட்டைத் தாண்டித் தின்னும். ஆடுகளோ பதினைந்தும் இறங்கி முடியும்வரை இருந்த இடத்தை விட்டு அசைய முடியாது. ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் புலியாகத்தான் இருக்க ஆசைப்படுவார்கள். சில நாள் ஆடிய பிறகு, ஒன்றையொன்று முதுகுக்கு முதுகு காத்து நின்று, பெரிய மிருகத்தை மூலையில் ஒடுக்கி மூச்சுத் திணற வைப்பதில் உள்ள ருசி தெரிந்து ஆடுகளைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். முக்கியமாக, புலி தகப்பனாராக இருக்கும் பட்சத்தில். பழைய கோயில்களின் கல்தளங்களிலும் பாறைகளிலும் இந்தக் கட்டத்தை யாரோ பொழுதுபோகாமல் செதுக்கி வைத்திருப்பதைக் காணலாம். கோயிலுக்குப் போகும்போது இதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தால், பெரியவர்கள் நிம்மதியாகத் தரிசனம் செய்யலாம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக ஆடும் பரமபதம் யாவரும் அறிந்தது. அதை அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. பாவத்துக்குப் பாம்பும் புண்ணியத்துக்கு ஏணியுமாக நம் நாட்டார் வகுத்த இந்தப் படம் ஆங்கிலேயர் வழியாகக் கடல் கடந்து, 1943-இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி கம்பெனியாரின் கையில் பாம்புகளையே இழந்து, வெறும் சறுக்குமரங்களாகிவிட்டது. பாம்பு கடிக்காத பரமபதத்தில் என்ன பயம், என்ன பரமபதம்!

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் கற்றுக் கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா அம்மையார்; தொலைக்காட்சியே கதியென்று இருந்த வைஷாலியின் கவனத்தைத் திருப்பப் பெற்றோர் அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்க்க, அக்காளைப் பார்த்துப் பலகைக்கு முன் உட்கார்ந்த தம்பி பிரக்ஞானந்தா; இந்த விருத்தாந்தங்களெல்லாம் தமிழ்நாட்டு வீடுகளில் இப்போது தினம் பேசப்படுகின்றன. கேட்க மனத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கேட்ட மாத்திரத்தில் சில தகப்பன்மார், மகனோடு சதுரங்கம் ஆடுவதை விட்டுவிட்டு, மகனுக்குச் சதுரங்க வாத்தியார் அமர்த்திவிடுகிறார்கள். அதன்பின் வீட்டில் ஒரு பாடம் அதிகமாகிறது. ஒரு விளையாட்டு குறைகிறது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது ஷரத்து, குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்கிறது. இந்தியாவும் 1992-இல் அதில் சேர்ந்துகொண்டது. விளையாடுவதற்குக்கூட உலக நாடுகள் கூடி ஷரத்து எழுத வேண்டிய காலம் வந்தது நம்முடைய பிராரப்தம்.

நிற்க. விளையாட்டு என்றால் பலகையும் காயும் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. வேலையே விளையாட்டாகிற நாள் ஒன்று கோடையில் உண்டு. அது வற்றல் போடுகிற நாள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் வடாம் என்பதை எங்கள் பக்கத்தில் வத்தல் என்போம். முதல் நாள் அரிசியை ஊறவைத்து அரைத்து, மறுநாள் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிக் கூழ் கிளறி, உப்பும் பச்சைமிளகாய்ச் சாறும் பெருங்காயமும் எலுமிச்சம்பழமும் சேர்த்து, வெயில் ஏறுமுன் அத்தனையையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து நான்கு மூலைக்கும் கல் வைப்பது ஒருவர் வேலை. அச்சை அழுத்திப் பிழிவது கைவலு உள்ளவர் வேலை. கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றுவது குழந்தைகள் வேலை. அன்று எங்கள் மாடியில், வட்டமாக ஊற்றச் சொன்ன இடத்தில் யானை ஒன்றும், பெயர் தெரியாத பட்சி ஒன்றும், என் தம்பியின் முகம் என்று சொல்லப்பட்ட ஒரு வடிவமும் உண்டாயின. ஒருவரும் கோபிக்கவில்லை. எண்ணெயில் போட்டால் எல்லாம் ஒரே ருசிதான்.

பிறகு காவல். கறுப்புக் குடை ஒன்றை விரித்து வற்றலுக்கு நடுவே நிறுத்தி, நிழலில் கோலோடு உட்கார்ந்து காக்கை விரட்டும் உத்தியோகத்துக்குக் குழந்தைகளைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. ஆனால் காக்கை தின்பதைவிடக் காவல்காரர் தின்பது அதிகம். மேலே காய்ந்தும் உள்ளே குழைந்தும் இருக்கும் மத்தியான வற்றலுக்கு ஈடான தின்பண்டத்தை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. மாலையில் வேட்டியைப் புரட்டிப் பின்பக்கத்தில் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்தெடுக்கும்போது யானையின் தும்பிக்கை ஒடிந்துபோயிற்று. அதற்காக ஒரு சிறு துக்கம் அனுஷ்டிக்கப்பட்டது. மார்கழியில் சென்னையிலிருந்து தொலைபேசியில் என் தம்பி மகள் கேட்ட முதல் கேள்வி, யானையைப் பொரித்துவிட்டீர்களா என்பது.

அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்கள், எங்களுக்கு மாடி ஏது, திண்ணை ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாசலென்று நாலடி இடமாவது இருக்குமே. அங்கே புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுவதில் தாயும் மகனும், மகனும்தான், போட்டியிடலாம். எந்தப் புள்ளியும் விடுபடாமல், தொடங்கிய இடத்திலேயே இழை வந்து முடிய வேண்டும் என்பது பெரியவர்களையும் திணற வைக்கும் சிக்கல். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி முதலிய அறிஞர்கள் 1970களில் கோலத்தின் அமைப்பைக் கணினி விஞ்ஞானத்துக்குரிய இலக்கண விதிகளாக எழுதி ஆராய்ந்தார்கள் என்றால், அதில் எவ்வளவு விஷயம் இருக்க வேண்டும்! பூவரச மரம் தெருவில் நின்றால் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதலாம். நுங்கு தின்ற வீட்டில் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி ஓட்டலாம். ஊதத் தெரியாத தகப்பனாருக்குப் பிள்ளை கற்றுக் கொடுக்க நேர்ந்தால் இன்னும் சிலாக்கியம்.

வெளியூர்ப் பிரயாணங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். நான் இரண்டை மட்டும் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் தூரத்தைக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தில் ஏறும் மலை ரயில், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தைப் பிரயாணிகளிடமிருந்து முதலிலேயே பறித்துக்கொள்கிறது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் போட்ட பாதை. 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரும்புச் சட்டம் வரும். இஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இஞ்சின் வண்டிக்கு முன்னால் இல்லாமல் பின்னால் நின்று தள்ளுவதைக் குழந்தை கவனித்துவிட்டால் ஏன் என்று கேட்பாள். "நீயே யோசி" என்று சொல்லிவிட்டு நாமும் யோசிக்க வேண்டும். குகைகள் பதினாறு, எண்ணிக்கொண்டே போகலாம். எங்களுக்குள் நடந்த பந்தயத்தில் நான் பதினான்கும் குழந்தை பதினேழும் எண்ணினோம்.

மற்றொன்று எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சேர்ந்த கண்மாய்களுக்குப் பருவத்தில் வந்து கூடு கட்டும் பட்சிகள் வெருண்டுவிடக் கூடாதென்று, அந்தக் கிராமத்தார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. மே மாதத்தில் போனால் வெறுங்கிளைகளைத்தான் பார்க்கலாம். மழைக்குப் பிறகு, கார்த்திகை மார்கழியில் போக வேண்டும். வெடிக்காத குழந்தைகளை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒருமுறை சந்தித்தார்கள். "ஒண்ணுகூடவா? பாம்பு மாத்திரைகூடவா?" என்று திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். பாம்பு மாத்திரை சத்தம் போடாதே என்று அந்த ஊர்ப் பையன் ஒருவன் சொன்ன பதில், இரண்டு கோஷ்டிகளுக்கும் உடனே சிநேகம் உண்டாக்கிற்று.

பணமும் பிரயாணமும் வேண்டாத காட்சி தலைக்கு மேலே இருக்கிறது. வற்றல் போட்ட அதே மாடியில் அன்றிரவு பாய் விரித்தோம். ஒரு குண்டானில் புளிச்சோறும், தொட்டுக்கொள்ளச் சற்று முன் பொரித்த புது வற்றலும். என் தாயார் பிசைந்து உருட்டிக் கையில் வைக்க, வட்டமாக உட்கார்ந்து எல்லாரும் வாங்கி உண்டோம். நிலவில்லாத இரவு, நட்சத்திரம் பார்க்க அதுவே உகந்தது. மே மாதத்து முன்னிரவில் வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலம் தெளிவாகத் தெரியும். அதன் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சளாகச் சுவாதி. இன்னும் நீட்டினால் வெண்மையாகச் சித்திரை. இவையெல்லாம் பஞ்சாங்கத்தில் பெயர்களாக மட்டுமே நமக்குத் தெரிந்தவை. ஜாதகத்தில் தன் நட்சத்திரம் சுவாதி என்று கேள்விப்பட்டிருந்த என் தம்பி மனைவி, 38 வயதில் அன்றுதான் அதை நேரில் பார்த்து, "இதுதானா நானு!" என்று சொல்லி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால், அதன் அகலம் ஆகாயத்தில் ஏறக்குறைய பத்துப் பாகை. குழந்தையின் முஷ்டி சிறிதுதான். ஆனால் கையும் அந்த அளவுக்குக் குட்டை என்பதால் கணக்கு பிசகுவதில்லை. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ அதுவே பார்க்கிறவரின் ஊருக்கு உரிய அட்சரேகை. எங்கள் ஊர் பத்துப் பாகையை ஒட்டி இருப்பதால், வடக்கே பார்த்து ஒரு முஷ்டி வைத்தால் அதன் மேல்விளிம்பில் துருவன் உட்கார்ந்திருப்பான். சென்னையில் ஒரு முஷ்டிக்கு மேல் இன்னும் கொஞ்சம். கன்னியாகுமரியில் ஒரு முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. தெற்கே திரும்பினால், லண்டன் நகரத்தார் எந்த நாளும் தங்கள் ஊரிலிருந்து பார்க்க இயலாத திரிசங்கு, ஒன்பது பத்து மணி சுமாருக்கு இரண்டு முஷ்டி உயரத்தில் சிலுவைபோல் நிற்கும். வடக்கே ஒன்று, தெற்கே இரண்டு என்று குழந்தை மாடியைச் சுற்றிச் சுற்றி வந்து முஷ்டி வைத்து அளந்தாள். தானும் அளந்து பார்த்த அவள் தகப்பன், தெற்கேயும் ஒன்றுதான் என்று சாதித்தான். அவன் கையை மடக்கி வைத்திருந்தான் என்பது பிறகு கண்டுபிடிக்கப்பட்டது.

கடைசியில் அருந்ததி. சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுநட்சத்திரமான வசிஷ்டரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மினுக்கும் சிறு புள்ளி. கல்யாணத்தன்று பட்டப்பகலில் புரோகிதர் காட்டிய திசையில் ஒன்றும் தெரியாமலே தெரிகிறது என்று தலையாட்டியவர்கள்தான் அங்கிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும். இரண்டும் நம்மிடமிருந்து ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பவை. இப்போது நம் கண்ணை எட்டும் வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்ட சமயத்தில் அப்பத்தா பிறந்திருப்பாள் என்று நான் சொன்னதும், குழந்தை அண்ணாந்து அந்தப் புள்ளியையும் பக்கத்தில் இருந்த கிழவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டாத் தெரியுதா ஆத்தா?" என்று கேட்டார் என் தாயார். அவருக்கு வசிஷ்டரே தெரியவில்லை.

"தெரியுது அப்பத்தா. பெருசு ஒண்ணு, அது பக்கத்துல குட்டியா ஒண்ணு."

"அப்ப சரி. கீழ போயி விளக்கை ஏத்து. நேத்து ஆட்டம் பாதியில நிக்குது."

சாக்பீஸ் கட்டம் அழியாமல் இருந்தது. முதல் நாள் இரவு தூக்கம் மேலிட்டு ஆட்டத்தை நிறுத்தியபோது, ஒவ்வொரு காயும் இருந்த கட்டத்தில் சொந்தக்காரரின் பெயர் எழுத்தைக் குழந்தை குறித்து வைத்திருந்தாள். மின்சாரம் இருந்தும் ஒருவரும் விளக்குச் சொடுக்கியைத் தொடவில்லை, அரிக்கேனே ஏற்றப்பட்டது. என் தாயார் விரலால் கட்டங்களைத் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தக் காயி இங்கயா இருந்துச்சு? ரெண்டு கட்டம் தள்ளி வச்சிருக்க. அழுகுணி!"

"நீதான் அழுகுணி! உனக்குத்தான் கண்ணு தெரியலையே!"

"கண்ணு தெரியாட்டி என்ன? விரலுக்குத் தெரியும்."

இருவரும் என்னைச் சாட்சிக்கு இழுத்தார்கள். நான் யோசித்துச் சொல்வதற்குள், வழக்கு முடியும்வரை பெரியப்பா ஒருமுறை ஆடக்கூடாது என்று இரு கட்சியாரும் சேர்ந்து தீர்மானித்து, கட்டையை எனக்கு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதுவரையிலும் தாயம் விழுந்திருக்கவில்லை.